பாம்பு நோயின் பிறப்பிடம் எது?



பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். அந்தப் பாம்பையே கொல்லும் நோய் ஒன்று உண்டு. அது பூஞ்சணத்தால் வருகிறது.

ஈர ரொட்டியில் படர்வது பூஞ்சணம். நமக்குப் படர்தாமரை வருவதும் பூஞ்சணத்தால்தான். பாம்பைத் தாக்குவது வேறு வகை. அதன் பெயர் ஒஃபிடியோமைசிஸ்.

இந்த நோய் வந்தால் பாம்பின் செதில்கள் தடித்துப் பொருக்குத் தட்டும். புண் உண்டாகும். முகம் வீங்கும். இரை பிடிக்க முடியாது. பாம்பு அடிக்கடி சட்டை உரிக்கும். சூடு தேடி வெட்டவெளியில் கிடக்கும். அப்போது பருந்து தூக்கிப் போகும். இல்லாவிட்டால் பட்டினியால் சாகவும் கூடும்.

அமெரிக்காவில் கிலுகிலுப்பைப் பாம்பு என்ற விஷப்பாம்பு உண்டு. அது வாலை ஆட்டி ஒலி எழுப்பும். 2006இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் இவை திடீரெனக் குறைந்தன. பல பாம்புகளின் தோலில் புண் இருந்தது. 2008இல் இல்லினாய் மாநிலத்தில் முகம் வீங்கிய பாம்புகள் கிடைத்தன. அவை இறந்தன. அறிஞர்கள் சோதித்தார்கள். பூஞ்சணம் இருந்தது.

இது புதிய நோயா, பழைய நோயா? அருங்காட்சியகங்களில் பழைய பாம்புகளைப் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். அவற்றை எடுத்துப் பார்த்தார்கள். 1945இல் பிடித்த பாம்பிலேயே நோய் இருந்தது!

சரி, அதற்கும் முன்னால்? இதற்குப் பூஞ்சணத்தின் மரபணு விடை சொன்னது. மரபணு என்பது பிறப்புக் கணக்கு போன்றது. இரண்டு பூஞ்சணங்களின் மரபணு மிக ஒத்திருந்தால் அவை அண்மையில் பிரிந்த பங்காளிகள். வேறுபாடு அதிகமானால் பிரிந்து நெடுங்காலம் ஆகிவிட்டது.

2022இல் வெளிவந்த ஆய்வு இதைக் கணக்கிட்டது. அமெரிக்காவில் உள்ள பூஞ்சணம் சில தனித்தனிக் குடும்பங்களாக இருந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்குள்ளும் வேறுபாடு குறைவு. பரவலாகக் காணப்படும் குடும்பங்களின் மூதாதை வாழ்ந்து சில பத்தாண்டுகள்தான் ஆகிறது. எனவே நோய் அங்கே பிறந்ததல்ல, வெளியிலிருந்து பலமுறை வந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

நிலத்தில் வாழும் பாம்பு தானாகப் பெருங்கடல் தாண்டிப் போகாது. பிறகு யார் கொண்டுபோனார்கள்? வளர்ப்பதற்காகப் பாம்புகளை நாடு விட்டு நாடு விற்கிறார்கள். அந்த வியாபாரத்தின் மீதே சந்தேகம் விழுகிறது.

பாம்பு செத்தால் நமக்கென்ன என்று கேட்கலாம். பாம்பு எலியைத் தின்கிறது. எலி பெருகினால் தானியம் போகும், நோயும் பரவும்.

ஓர் உயிரை அதன் இடத்திலிருந்து பெயர்த்தால் அதன் நோயும் கூடவே பயணம் செய்யும். வந்த நோயைக் காட்டிலிருந்து துடைத்தெடுக்க முடியாது. வராமல் காப்பதே வழி.