சொல்லின் சுற்றமும் நட்பும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆங்கிலத்தில் உயர்ந்த சொல்வளம் பெறுவது எவ்வாறு என்பது பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். தமிழ்ச் சங்க மேடையில் ஆங்கிலம் பற்றிய பேச்சா என்று சிலர் வியக்கக்கூடும். ஆனால் நம் காலனியில் மாலை வேளையில் எந்த வீட்டுக்குச் சென்றாலும், ஒரு பிள்ளை நீண்ட ஆங்கிலச் சொற்பட்டியலை நெட்டுருப் போடும் ஒலி கேட்கிறது. போட்டித் தேர்வும் வேலையும் அப்பட்டியலிலேயே அடங்கியிருப்பதாகப் பெற்றோரும் நம்புகின்றனர். ஆகவே இது நம் குடும்பங்களின் கவலை. இங்கே பேசத் தக்கதே.

பட்டியலை நம்பித் தலைகுனிந்தவன் நான். வேலையில் சேர்ந்த புதிதில், ஓய்வு பெறும் மேலதிகாரி ஒருவர்க்குப் பிரிவுபசாரம் நடைபெற்றது. என்னையும் வாழ்த்திப் பேசச் சொன்னார்கள். 'ஃபேமஸ்' என்னும் எளிய சொல் போதாது என்று கருதினேன். மனப்பாடம் செய்திருந்த பட்டியலில் அதன் அருகே இருந்த 'நொட்டோரியஸ்' என்னும் சொல்லை எடுத்து, அவரை அச்சொல்லாலேயே புகழ்ந்து முழங்கினேன். அவை ஒரு கணம் அமைதியாயிற்று. பிறகு சிரிப்பொலி எழுந்தது. அப்பெரியவர் சிரிக்கவில்லை. இரு சொற்களும் பலரும் அறிந்த ஒருவரையே குறிக்கும். எனினும் முன்னது புகழுக்கு உரியது. பின்னது பழிக்குப் பேர்போனவர்க்கு உரியது. என் பட்டியல் பொருளைச் சொல்லிற்று. அச்சொல் யாரோடு பழகும் என்பதைச் சொல்லவில்லை.

அன்று கற்ற பாடத்தையே இன்று உங்கள் முன் வைக்கிறேன். ஒரு சொல்லை அறிதல் என்பது அதன் சுற்றத்தையும் நட்பையும் அறிதலாகும்.

முதலில் சுற்றம். 'ஸ்பெக்ட்' என்பது பார்த்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேர். 'இன்ஸ்பெக்ட்' என்றால் உள்நோக்கிப் பார்த்தல். 'ப்ராஸ்பெக்ட்' முன்னோக்கிப் பார்த்தல். 'ரெட்ராஸ்பெக்ட்' பின்னோக்கிப் பார்த்தல். 'சஸ்பெக்ட்' என்பது கீழிருந்து மேலாகப் பார்த்தல். ஐயுறுவோன் பார்வை அத்தகையது அன்றோ! 'ரெஸ்பெக்ட்' என்பது திரும்பிப் பார்த்தல். மதிப்பிற்குரியவர் சென்றால் நாம் திரும்பிப் பார்க்கிறோம். நம் பாட்டி அணியும் 'ஸ்பெக்டக்கிள்ஸ்' கூட இக்குடும்பத்ததே. ஒரு வேரைப் பற்றினால் ஒரு குடும்பமே கைக்கு வந்து சேர்கிறது. இவ்வழியைப் பின்பற்றியே நார்மன் லூயிஸ் 1949-இல் 'வேர்ட் பவர் மேட் ஈஸி' என்னும் நூலை எழுதினார். அது இன்றும் நம் மாணவர்கள் விரும்பி வாங்கும் நூலாக இருக்கிறது.

அடுத்து நட்பு. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அதன்பின் பிரெஞ்சுச் சொற்கள் அந்நாட்டு மொழியில் மிகுதியாகப் புகுந்தன. பின்னர் அறிஞர்கள் இலத்தீனிலிருந்தும் ஏராளமாக எடுத்துக்கொண்டனர். ஆகவே ஒரு கருத்துக்கு இரண்டு மூன்று சொற்கள் உண்டாயின. 'ஆஸ்க்' பழைய ஆங்கிலச் சொல். 'கொஸ்டின்' பிரெஞ்சு வழி வந்தது. 'இன்டராகேட்' இலத்தீன் வழி வந்தது. நாமும் கேட்டான், வினவினான், விசாரித்தான் என்கிறோம். ஆனால் தமிழில் ஒருவர் நலத்தை விசாரிக்கலாம். ஆங்கிலத்தில் 'இன்டராகேட்' என்பதை அங்கே ஆண்டால் காவல் நிலையத்தின் நினைவே வரும்! இந்த நுட்பத்தை எந்தப் பட்டியலும் கற்பிக்காது. நல்ல உரைநடையைப் படிக்கும்போது, ஒரு சொல்லைப் பல வாக்கியங்களில் மீண்டும் மீண்டும் சந்தித்தே அறிய வேண்டும்.

ஆங்கிலச் சொற்கடல் கரையற்றது என்று அஞ்ச வேண்டா. வங்காளத்தில் பல ஆண்டுகள் கல்விப் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்பவர், அடிப்படையான ஏறத்தாழ 2,000 சொற்களைத் தொகுத்து 1953-இல் வெளியிட்டார். பொதுவான நூல்களில் பத்துக்கு எட்டுச் சொற்கள் இவையே. 2000-ஆம் ஆண்டில் நியூசிலாந்தில் அவெரில் காக்ஸ்ஹெட் என்னும் அம்மையார் கல்வித்துறை நூல்களை ஆராய்ந்து, மேலும் 570 சொற்குடும்பங்களைத் தொகுத்தார். கல்வித்துறை நூல்களில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அவற்றால் அமைவது. அவரும் தனிச் சொற்களாக எண்ணாமல் குடும்பங்களாகவே எண்ணினார் என்பதைக் கவனியுங்கள். அரிய சொற்களை அடுக்குவது சொல்வளம் ஆகாது; இவற்றைப் பிழையற ஆள்வதே முதற்படி.

மாணவச் செல்வங்களே! நாள்தோறும் மூன்று சொற்கள் போதும். ஓராண்டில் ஆயிரத்தைத் தாண்டிவிடும். ஒரு குறிப்பேட்டில் சொல்லையும், அதன் வேரையும், நீங்கள் அதைச் சந்தித்த வாக்கியத்தையும் எழுதுங்கள். அதன் கீழ் உங்கள் சொந்த வாக்கியம் ஒன்றையும் எழுதுங்கள். கற்றது எவ்வளவு விரைவில் மறக்கிறது என்பதை ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ் தம்மையே சோதித்து 1885-இல் எழுதினார். ஆதலால் மறுநாளும், மறுவாரமும், மறுமாதமும் அக்குறிப்பேட்டைத் திருப்பிப் பாருங்கள். கைப்பேசி நொடியில் பொருள் கூறும். ஆனால் நொடியில் பெற்றது நொடியில் மறையும்.

இறுதியாகப் பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம். பிள்ளையின் ஆங்கிலம் வளர வேண்டும் என்று வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்திவிட்ட இல்லங்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் நன்மையே நாடுகின்றனர், ஐயமில்லை. ஆயினும் 'நோக்கு' என்பதிலிருந்து நோக்கம், முன்னோக்கு, பின்னோக்கு என்பன பிறப்பதை அறிந்த பிள்ளைக்கு 'ஸ்பெக்ட்' குடும்பம் புதிதன்று. அரும்பு, மொட்டு, மலர் என்று ஒரு பூவின் பருவங்களுக்கு வெவ்வேறு பெயர் சொல்லிப் பழகிய பிள்ளை, 'சைல்டிஷ்' என்பது சிறுபிள்ளைத்தனம் என்பதையும், 'சைல்ட்லைக்' என்பது குழந்தை உள்ளம் என்பதையும் எளிதில் பிரித்தறியும். சொல்லை எடைபோடும் தராசு தாய்மொழியிலேயே முதலில் கைக்கு வருகிறது. அத்தராசைப் பறித்துக்கொண்டு பட்டியலைக் கையில் கொடுத்தால், பிள்ளை சொற்களைச் சுமக்கும், ஆளாது. எனவே இரவு உணவின்போது பிள்ளை கற்ற ஆங்கிலச் சொல்லைக் கேளுங்கள். அதற்கு நேரான தமிழ்ச் சொல் எது என்று எல்லோரும் சேர்ந்து தேடுங்கள். நேர்ச்சொல் கிடைத்தாலும் நன்று. கிடைக்காமல் வாதிட்டாலும் நன்று. இரு மொழியும் வளரும்.

ஊர்விட்டு வந்த நாம் ஒவ்வொருவரும் இந்நகரில் முதலில் தனியராகவே இறங்கினோம். உறவும் நட்பும் அமைந்த பின்னரே இது நம் ஊராயிற்று. அதற்காகவே இச்சங்கத்தையும் கண்டோம். சொல்லின் நிலையும் அதுவே. தனியே வந்த சொல் தங்காது. சுற்றத்தோடும் நட்போடும் வந்த சொல் நம் வீட்டிலேயே குடியிருக்கும்.