அப்சர்வேஷனும் ரெக்கார்டும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"ஸ்டூடண்ட்ஸுக்கு உபயோகமா ஏதாவது பேசுப்பா" என்றார் சங்கச் செயலாளர். அறிவுரை சொல்லும் வயது எனக்கு இன்னும் வரவில்லை. அதனால் தொழில் விஷயமே பேசுகிறேன்.

லேபில் நமக்கு இரண்டு நோட்டு உண்டு. கிறுக்கிப் பார்க்க அப்சர்வேஷன். அழகாக எழுதிக் கையெழுத்து வாங்க ரெக்கார்டு. வெப்சைட் எழுதுகிறவனுக்கு அப்சர்வேஷன் நோட்டுதான் கோட் பிளேகிரவுண்ட். எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். பிரவுசரில் ஒரு பக்கம் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் எழுதினால் மறுபக்கம் விடை தெரியும்.

"எது சார் பெஸ்ட்?" என்று கேட்கிறார்கள். வேலையைப் பொறுத்தது. ஒரு சந்தேகத்தைச் சின்னதாக எழுதி நண்பனுக்கு லிங்க் அனுப்ப ஜேஎஸ்ஃபிடில் போதும். டிசைன் பழக, பிறர் எழுதியதைப் பார்த்துக் கற்க, 2012-ல் வந்த கோட்பென் நல்லது. தட்டத் தட்ட மாற்றம் தெரியும். ஆனால் இலவசக் கணக்கில் எழுதுவதை ஊரே பார்க்கலாம். கம்பெனி கோடை அங்கே ஒட்டாதீர்கள். ரியாக்ட் மாதிரி பல ஃபைல்கள் உள்ள பிராஜெக்டுக்கு ஸ்டாக்பிளிட்ஸ். 2021 முதல் அதில் நோட் ஜேஎஸ்ஸே பிரவுசருக்குள் ஓடுகிறது. நெட் இல்லாத நேரத்துக்கு, நம் நாட்டு குஷாக்ர கௌர் செய்த வெப் மேக்கர் இருக்கிறது.

இனி என் கதை. 2015 டிசம்பர் 1 இரவு அடையாறு பெருகியபோது கோட்டூர்புரத்தில் தரைத்தளத்தில் குடியிருந்தேன். அம்மாவை மாடி வீட்டு மாமியிடம் விட்டுத் திரும்புவதற்குள் மேஜை வரை தண்ணீர். லேப்டாப் போயிற்று. பேக்கப் எடுத்த ஹார்டு டிஸ்க்கும் அதே மேஜையில்தான் இருந்தது!

மயிலாப்பூரில் அத்தை வீட்டில் உட்கார்ந்து பழைய மெயில்களைத் தேடினேன். நண்பர்களுக்கு அனுப்பிய ஃபிடில் லிங்க்குகள் மட்டும் அப்படியே இருந்தன. அடுத்த மாதம் தி.நகரில் ஒரு இன்டர்வியூ. அந்தத் துண்டுகளைத்தான் காட்டினேன். வேலை கிடைத்தது.

நெட்டில் போட்டால் போதும் என்று அன்றிலிருந்து நம்பினேன். 2025-ல் கிளிட்ச் என்ற பிரபலமான தளம், முன்கூட்டியே அறிவித்துவிட்டு, பிராஜெக்டுகளை ஹோஸ்ட் செய்வதை நிறுத்தியது. எனக்கு அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் செய்தியைப் படித்த இரவே உட்கார்ந்து, மற்ற இடங்களில் சேர்த்து வைத்ததையெல்லாம் டவுன்லோடு செய்தேன். பாதி எதற்கு எழுதினேன் என்று எனக்கே நினைவில்லை!

தம்பி தங்கைகளே, எந்த பிளேகிரவுண்ட் என்பதை வேலை தீர்மானிக்கட்டும். எழுதியதை வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கணக்கு தொடங்குங்கள். நன்றாக வந்ததை அன்றைக்கே ரெக்கார்டில் ஏற்றுங்கள்: உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி, வேறு இடத்தில் இன்னொன்று.

அப்சர்வேஷன் கிறுக்கலாக இருந்தால் நம் ஆசிரியர்கள் பொறுத்துக்கொண்டார்கள். ரெக்கார்டு இல்லாவிட்டால்தான் லேபுக்கு வெளியே நிறுத்தினார்கள். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவர்களுக்கு, அதிகம் வெளியே நின்ற மாணவனின் நன்றி.