நாளொன்றுக்கு 20 கோடி டாலரா? கேட்க மறந்த கேள்வி



தேர்தல் முடிந்த கையோடு ஒரு நாட்டுத் தலைவர் வெளிநாட்டுக்கு விமானம் ஏறினால் மக்கள் முகம் சுளிப்பது இயல்பே. "ஓட்டு வாங்கியாச்சு, இனி ஊர் சுற்ற வேண்டியதுதானே" என்ற பேச்சு சாப்பாட்டுக் கடை மேசை வரை வந்துவிடும். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. செலவாவது மக்களின் வரிப்பணம். ஆனால், நியாயமான கோபம் தவறான கணக்கைக் கையில் எடுத்தால் என்ன ஆகும்? 2010-ஆம் ஆண்டில் அன்றைய அமெரிக்க அதிபர் பராக் ஒபாமா மேற்கொண்ட ஆசியப் பயணம் இதற்கு நல்ல பாடம்.

அந்த ஆண்டு நவம்பர் 2-ஆம் தேதி அமெரிக்காவில் இடைத்தவணைத் தேர்தல் நடந்தது. பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சி 63 இடங்களைக் கூடுதலாகப் பெற்று பெரும்பான்மையைக் கைப்பற்றியது. தமது கட்சி பலத்த அடி வாங்கியதை ஒபாமாவே ஒப்புக்கொண்டார். நாட்டில் வேலையில்லாதோர் விகிதம் 9 விழுக்காட்டுக்கும் மேல். அந்த நிலையில், தேர்தல் முடிந்த மூன்றாம் நாளே அவர் இந்தியா, இந்தோனேசியா, தென்கொரியா, ஜப்பான் என நான்கு நாடுகளுக்குப் புறப்பட்டார். வீட்டில் நெருப்பு பிடித்திருக்கும்போது வெளியூர் போகலாமா என்று எதிர்த்தரப்பினர் கேட்டதில் வியப்பில்லை.

சிக்கல் அங்கே தொடங்கவில்லை. ஓர் எண்ணில் தொடங்கியது.

பயணத்திற்குச் சில நாட்கள் முன்பு இந்தியச் செய்தி நிறுவனம் ஒன்று ஒரு தகவலை வெளியிட்டது. அதிபரின் மும்பை வருகைக்கு நாளொன்றுக்கு 20 கோடி அமெரிக்க டாலர் செலவாகும், அவருடன் ஏறத்தாழ 3,000 பேர் வருவார்கள் என்றது அச்செய்தி. ஆதாரம் யார்? மகாராஷ்டிர மாநில அரசின் உயர் அதிகாரி ஒருவராம். பெயர் இல்லை. அமெரிக்க அரசாங்கத்தின் செலவுக் கணக்கு மும்பையில் இருக்கும் ஓர் அதிகாரிக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. செய்தி இணையத்தில் ஏறியது; வானொலிக்குப் போனது; தொலைக்காட்சிக்கும் வந்தது. போகும் வழியில் 34 போர்க்கப்பல்களும் அதில் சேர்ந்துகொண்டன.

நவம்பர் 3-ஆம் தேதி சிஎன்என் தொலைக்காட்சியில் மினசோட்டா மாநிலப் பிரதிநிதி மிஷேல் பாக்மனிடம், எந்த அரசாங்கச் செலவைக் குறைப்பீர்கள் என்று கேட்கப்பட்டது. அவர் இந்த 20 கோடி டாலரையே பதிலாகச் சொன்னார். மறுநாள் இரவு அந்நிகழ்ச்சியின் நெறியாளர் ஆண்டர்சன் கூப்பர், அந்த எண் எங்கிருந்து புறப்பட்டது என்பதைத் தேடிப் பிடித்து நேயர்கள் முன் வைத்தார். தேடிப் போனால் கடைசியில் நின்றது அந்தப் பெயரில்லாத அதிகாரி ஒருவரே.

சாதாரணக் கூட்டல் கழித்தல் தெரிந்தவரும் இதைச் சோதித்திருக்கலாம். 3,000 பேருக்கு நாளொன்றுக்கு 20 கோடி டாலர் என்றால், ஒருவருக்கு ஒரு நாளைக்கு 66,000 டாலருக்கும் மேல் வருகிறது. எந்த ஐந்து நட்சத்திர ஓட்டலில் தங்கி எதைச் சாப்பிட்டால் இவ்வளவு ஆகும்? அந்தக் காலத்தில் ஆப்கானிஸ்தான் போருக்கே அமெரிக்கா நாளொன்றுக்கு ஏறத்தாழ 19 கோடி டாலர்தான் செலவிட்டு வந்தது. ஒரு போரைவிட ஒரு பயணத்திற்கு அதிகச் செலவா?

போர்க்கப்பல் கதையைத் தற்காப்பு அமைச்சு அடியோடு மறுத்தது. 20 கோடி என்பது பெரிதும் ஊதப்பட்ட எண் என்று வெள்ளை மாளிகை கூறியது. சரி, உண்மையான செலவு எவ்வளவு? பாதுகாப்பைக் காரணம் காட்டி அதைச் சொல்ல மறுத்துவிட்டது. இங்கேதான் கவனிக்க வேண்டும். பொய்க் கணக்கை மறுத்ததோடு அரசாங்கத்தின் வேலை முடிந்துவிட்டது. மெய்க் கணக்கைக் கேட்க ஆள் இல்லாமல் போனது.

பாதுகாப்புக்குச் செலவு ஆகத்தான் செய்யும். ஒபாமா தங்கிய மும்பை தாஜ் ஓட்டல், 2008 நவம்பரில் பயங்கரவாதிகளின் தாக்குதலுக்கு உள்ளான இடம். காந்தியடிகள் தங்கியிருந்த மணிபவனுக்கு அவர் வருகிறார் என்று, அங்கிருந்த தென்னை மரங்களின் தேங்காய்களைக்கூட முன்கூட்டியே பறித்துவிட்டார்கள். ஆனாலும் கணக்கு கேட்பது முடியாத காரியம் அல்ல. அதிபர் பில் கிளிண்டன் 1998-இல் சென்ற மூன்று பயணங்களை அமெரிக்க நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் ஆராய்ந்து, 1999-இல் அறிக்கை வெளியிட்டது. ஆறு ஆப்பிரிக்க நாடுகளுக்கான பயணத்திற்குக் குறைந்தது 4 கோடியே 28 லட்சம் டாலர். சிலிக்கு 1 கோடியே 5 லட்சம். சீனாவுக்கு 1 கோடியே 88 லட்சம். பெரும்பங்கு விமானப் போக்குவரத்துக்கே போனது. மெய்க்காவல் பிரிவின் செலவு இதில் சேரவில்லை. அப்படியே இருந்தாலும், மூன்று பயணங்களும் சேர்ந்து, ஒபாமா ஒரே நாளில் செலவிடுவார் என்று சொல்லப்பட்ட தொகையில் பாதிகூட வரவில்லை.

4 கோடி டாலரும் சிறு தொகை அல்ல. அதைக் கேள்வி கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு. மும்பையில் ஒபாமா, ஏறத்தாழ 1,000 கோடி டாலர் மதிப்புள்ள வணிக உடன்பாடுகளை அறிவித்தார். அவற்றால் அமெரிக்காவில் 50,000-க்கும் மேற்பட்ட வேலைகளுக்கு வழி பிறக்கும் என்றார். அவற்றில் எத்தனை பயணத்தால் கிடைத்தவை, எத்தனை ஏற்கெனவே பேசி முடித்தவை? உடன் சென்றவர்களில் யார் கட்டாயம் தேவை, யார் தேவையில்லை? திரும்பி வந்தபின் கணக்கு எப்போது வெளிவரும்? கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இவை. இவை எல்லாம் 20 கோடி என்ற கூச்சலில் அமுங்கிப் போயின.

ஊதிப் பெருக்கிய குற்றச்சாட்டு தலைவரைத் தாக்குவதுபோல் தோன்றும். உண்மையில் அது அவரைக் காப்பாற்றுகிறது. "பாருங்கள், இவர்கள் சொல்வது பொய்" என்று ஒரே வார்த்தையில் அவர் தப்பித்துக்கொள்கிறார். அடுத்த முறை மெய்யான குற்றச்சாட்டோடு வருபவரையும் மக்கள் நம்புவதில்லை.

எந்த நாட்டுத் தலைவரும் வெளிநாடு போகத்தான் செய்வார். புலனத்தில் ஒரு தொகை வந்து விழும். படித்தவுடன் இரத்தம் கொதிக்கும். அனுப்பும் பொத்தானை அழுத்துமுன், சொன்னவர் யார், அவருக்கு அது எப்படித் தெரியும், தலைக்கு எவ்வளவு வருகிறது என்று ஒரு நிமிடம் கணக்குப் போட்டால் போதும். பிறகு கேட்கும் கேள்விக்குத் தலைவர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.