முயலுக்கு ஏற்ற உணவு

குளிர்காலத்தில் தில்லிச் சந்தைகளில் சிவந்த காரட் மலிந்துவிடும். வீட்டில் வளரும் முயலுக்கும் அதுவே மூன்று வேளை ஆகாரம் என்றாகிவிடுகிறது. காரட்டில் சர்க்கரை மிகுதி. எப்போதாவது ஒரு சிறு துண்டு போதும். முயலின் பற்கள் ஆயுள் முழுதும் வளர்பவை. நார் மிகுந்த புல்லை ஓயாது அரைத்தால்தான் பல் தேயும், குடலும் இயங்கும். ஆகவே உணவில் பெரும்பங்கு புல்லும் உலர்புல்லுமே. வடக்கே 'தூப்' என வழங்குவது நம் அருகம்புல்தான். பூச்சிமருந்து படாத இடத்தில் பறித்துத் தாராளமாக இடலாம். குதிரைமசால் 6 மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு நன்று. வளர்ந்ததற்குச் சுண்ணாம்புச் சத்து மிகையாகும். சோறும் ரொட்டியும், குழந்தைகள் அன்போடு ஊட்டும் பிஸ்கோத்தும் அறவே வேண்டா. விரதம் தாங்கும் பிராணி அன்று முயல். 12 மணி நேரம் எதுவும் தின்னாமல் ஒடுங்கியிருந்தால், விடியட்டும் என்று காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.