அழைத்தலும் வலையும்: மன்னார்க் கரையில் அன்றாட இறைவாசகம்

மன்னார்க் கரையின் கத்தோலிக்க ஊர்களில் இறையழைத்தல் என்ற சொல் இன்று பெரும்பாலும் குருத்துவத்தையும் துறவறத்தையுமே குறிக்கிறது. 1964 முதல் ஆண்டுதோறும் இறையழைத்தலுக்கான செபநாள், இப்போது பாஸ்காக் காலத்தின் நான்காம் ஞாயிறன்று, கொண்டாடப்பட்டுவருவதும் இந்த வழக்கை உறுதிப்படுத்தியது. அன்றாட விவிலிய வாசகம் அழைத்தலைப் பற்றி உண்மையில் என்ன கற்பிக்கிறது என்பதே இவ்வுரையின் பொருள்.

இதில் அறிஞரிடையே உள்ள கருத்து வேறுபாடு அவையோர் பலரும் அறிந்ததே. அழைத்தல் என்றால் விட்டுவருதல், வலையைக் கரையில் போட்டுவிட்டுப் போனவரே அழைக்கப்பட்டவர் என்பது ஒரு தரப்பு. மன்னார் மக்களின் விசுவாசம் வேதசாட்சிகளாலும் மடு மாதா பக்தியாலும் வளர்ந்தது, நூலால் வளர்ந்ததல்ல என்ற வாதமும் இதே தரப்பினுடையது. இரண்டுமே திருத்தப்பட வேண்டியவை.

இரண்டாவது வாதத்திற்கு வரலாற்றில் ஓரளவு இடம் உண்டு. 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் படையால் மன்னாரில் கொல்லப்பட்டோரின் கையில் தமிழ் விவிலியம் இல்லை. 1542இல் முத்துக்குளித்துறையில் பிரான்சிஸ் சவேரியார் தமிழில் அமைத்த விசுவாசப் பிரமாணமும் கர்த்தர் கற்பித்த செபமும் கட்டளைகளும்தான் இருந்தன. அவை வாய்விட்டுச் சொல்லி, கேட்டு, மனத்தில் பதித்தவை. சில காலம் மன்னாரிலும் பணியாற்றிய அன்றிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சேறியபோது, அச்சில் வந்ததும் பெரும்பாலும் இத்தகைய மனப்பாடச் செல்வமே. ஒல்லாந்தர் ஆட்சியில் குருக்கள் மறைந்து வாழ்ந்த காலத்தில், 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் எழுதியவையும் கூடியிருந்து உரக்க வாசிப்பதற்கானவை. தவக்காலத்தில் ஒப்பாரி இராகத்தில் ஓதப்படும் வியாகுலப் பிரசங்கம் அதற்குச் சான்று. நூல் இல்லாத விசுவாசம் என்று இதைச் சொல்லலாகாது. நூல் காதுவழி வந்தது என்பதே சரி.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் 1969இல் வந்த வாசக ஒழுங்கு இந்தக் காதுவழிக் கல்விக்கு ஒரு முறையான ஆண்டுவட்டத்தைத் தந்தது. பொதுக்கால வாரநாள்களில் முதல் வாசகம் ஈராண்டுக்கு ஒருமுறை திரும்பும். நற்செய்தி ஒவ்வோராண்டும் அதே நாளில் திரும்பும். ஆகவே காலைப் பூசைக்குத் தவறாமல் போகும் ஒருவர் மீனவர் அழைக்கப்பட்ட நிகழ்ச்சியை ஓராண்டில் பெரும்பாலும் நான்கு முறை கேட்கிறார். பொதுக்காலத்தின் முதல் திங்களன்று மாற்கின்படி. செப்டெம்பர் முதல் வாரத்தில் லூக்காவின்படி. நவம்பர் 30, பெலவேந்திரர் (அந்திரேயா) திருநாளில் மத்தேயுவின்படி. பாஸ்கா வாரத்து வெள்ளியன்று யோவானின்படி.

இந்த நான்கையும் வரிசையாகக் கேட்பவர் வலைத்தொழில் தெரிந்தவராக இருந்தால் வாசகம் வேறாகிவிடுகிறது. கிரேக்க மூலத்தில் வலைக்கு மூன்று சொற்கள் உண்டு. மத்தேயுவில் இராயப்பரும் (பேதுரு) பெலவேந்திரரும் வீசுவது ‘அம்பிப்லெஸ்த்ரொன்’: ஒருவர் இடுப்பளவு நீரில் நின்று வட்டமாக விரித்தெறியும் வீச்சுவலை. விண்ணரசுக்கு உவமையாக வருவது ‘சகேனே’: கடலை வளைத்துப் போட்டு, பலர் சேர்ந்து கரையில் நின்று இழுக்கும் கரைவலை. மற்ற இடங்களில் வருவது ‘திக்துவொன்’ என்ற பொதுச்சொல். தமிழ் மொழிபெயர்ப்பில் மூன்றும் வலைதான். மன்னார்க் கரையூரான பேசாலையில் கரைவலை இழுத்த ஒருவருக்கு இந்த வேறுபாட்டை அகராதி சொல்லித்தர வேண்டியதில்லை. மடி கரையேறியதும் மணலில் உட்கார்ந்து நல்லதைக் கூடையில் போட்டுக் கழிவை ஒதுக்குவது என்ற விவரம் வந்தவுடனே அது எந்த வலை என்று அவர் சொல்லிவிடுவார்.

லூக்காவின் நிகழ்ச்சியில் இரவு முழுதும் பாடுபட்டு ஒன்றும் படவில்லை. விடிந்ததும் வலைகளை அலசிக்கொண்டிருக்கிறார்கள். நூல்வலையைப் பகல் வெளிச்சத்தில் மீன் கண்டு விலகும். அதனால்தான் அது இரவு வலை. அலசிய வலையை வெயிலேறிய பிறகு மீண்டும் ஆழத்தில் இறக்கச் சொன்னால், தொழில் தெரிந்த எவரும் மறுப்பார். இராயப்பர் முதலில் சொல்வதும் தொழிலாளியின் மறுப்பே. பிறகு சொல்லை நம்பி இறக்குகிறார். விசுவாசம் இங்கே தொழிலறிவு இல்லாதவனின் எளிமையாக வரவில்லை; தொழில் நன்கு தெரிந்தவன் அந்த அறிவைத் தாண்டி எடுத்து வைக்கும் அடியாக வருகிறது. இவ்வாசகம் வரும் நாள்கள் சோளகம் வீசும் காலம். மன்னார்த் தீவின் தென்கரை கொந்தளிக்க, வடகரையில்தான் தொழில். எந்தக் காற்றில் எந்தக் கடலில் இறங்குவது என்று தலைமுறையாகக் கணித்த மக்களுக்கு அந்த அடியின் விலை தெரியும்.

மாற்கின் பகுதியில் பலரும் கவனிக்கத் தவறுவது செபதேயுவை. யாகப்பரும் அருளப்பரும் வள்ளத்தில் இருந்து வலை பொத்துகிறார்கள். கூடவே தகப்பனும் கூலியாட்களும் இருக்கிறார்கள். கூலியாள் வைத்துத் தொழில் செய்பவரை மன்னாரில் சம்மாட்டி என்பார்கள். இரு பிள்ளைகளும் எழுந்து போன பிறகு அந்தச் சம்மாட்டி வள்ளத்திலேயே இருக்கிறார். பொத்தாத கண்கள் வலையில் மிச்சம். அன்றிரவு தொழிலுக்குப் போகாவிட்டால் கூலியாட்களின் வீட்டில் உலை இல்லை. நற்செய்தி அவரைக் குறைசொல்லவே இல்லை. வலையை விடு என்ற கட்டளையும் இந்தப் பகுதியில் எங்கும் இல்லை. பின்னே வா என்பதே அழைப்பு. விட்டுப்போனது அந்த நால்வர் கொடுத்த பதில். விட்டுவருதலே அழைத்தல் என்னும் தரப்பினர் பதிலை அழைப்பாகப் படித்துவிட்டார்கள்.

நான்காவது வாசகம் இதை முடித்து வைக்கிறது. உயிர்ப்புக்குப் பின் இராயப்பர் மீண்டும் மீன்பிடிக்கப் போகிறார். மீண்டும் வெறும் வலை, மீண்டும் ஒரு சொல், 153 பெரிய மீன்கள். லூக்காவில் கிழியத் தொடங்கிய வலை இங்கே கிழியவில்லை. கரையில் கரித்தணலும் மீனும் அப்பமும் காத்திருக்கின்றன. தொழிலுக்குத் திரும்பியதற்காக ஒரு கடிந்துரைகூட இல்லை. அன்றைய வாசகத்தை அடுத்து அதே அதிகாரத்தில், தணலருகே உணவு முடிந்த பிறகே மூன்று முறை அன்பு கேட்கப்படுகிறது. பின்தொடரும்படி முதலில் சொன்ன சொல் மறுபடியும் சொல்லப்படுகிறது. ஆகவே அழைத்தல் ஒருமுறை வந்து முடிவதன்று. ஈர வலை கையில் இருக்கும்போதே அது திரும்ப வருகிறது. ஆண்டுதோறும் இவ்வாசகம் திரும்பி வருவதும் இதையே பழக்குகிறது.

இந்த வெளிச்சத்தில் 1544இன் வேதசாட்சிகளைப் பார்த்தால் விட்டுவருதலே அழைத்தல் என்ற முதல் வாதமும் தளர்கிறது. அவர்கள் பெரும்பாலும் பொதுநிலையினர், கடல்தொழில் குடும்பத்தார். தோட்டவெளியின் வேதசாட்சிகள் ஆலயம் நினைவுகூர்வது தொழிலிலும் குடும்பத்திலும் இருந்தபடியே பதில் சொன்ன மக்களை. குருவின் அழைத்தலை இது குறைப்பதில்லை. வங்காலையில் 1985 ஜனவரி 6 அன்று கொல்லப்பட்ட மேரி பஸ்ரியன் அடிகளாரையும் இதே அளவுகோலால்தான் மதிக்க வேண்டும். எல்லோருக்குமான புனித வாழ்வின் அழைப்பைப் பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ‘திருச்சபை’ ஏடு 1964இல் தனி அதிகாரமே எழுதியது. அது மன்னார் மறையுரைகளில் எவ்வளவு இறங்கியது என்பது தனி ஆய்வுக்கு உரியது.

செய்ய வேண்டியவை இன்னும் பல. மாதோட்டப் பாங்கில் ஆடப்படும் மூவிராசாக்கள் நாடகத்திலும் பேசாலைப் பாஸ்காவிலும் அழைத்தல் காட்சிகள் எவ்வாறு அமைகின்றன என்பது பார்க்கப்பட வேண்டும். மெதடிஸ்த குடும்பங்களின் வீட்டு வாசகப் பழக்கத்தோடு ஒப்பீடு வேண்டும். காலைப் பூசைக்குப் பெண்களே மிகுதியாக வருகிறார்கள். கரையில் காத்திருப்போராக அவர்கள் இந்த வாசகங்களைக் கேட்கும் விதம் தனி நூலுக்குரியது. எல்லாவற்றிற்கும் முன்பாக, கரைவலைத் தொழிலில் வழங்கும் சொற்களை நற்செய்திப் பகுதிகளுக்கு நேரே வைத்துத் தொகுக்க வேண்டும். கரைவலையைக் கையால் இழுத்த முதியோர் பேசாலையிலும் வங்காலையிலும் இன்னும் இருக்கிறார்கள். இளம் ஆய்வாளர்கள் இந்த ஆண்டே அவர்களிடம் போக வேண்டும்.