நெடும் பயணத்தில் நம் பிள்ளைகள்
(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



நீண்ட விடுமுறை வந்தால் நம் லாபிஸ் வட்டாரத்தில் சில குடும்பங்கள் தமிழ்நாட்டுக்குப் புறப்படும். “சார், ஊருக்குப் போறோம். இந்தப் பிள்ளைய பிளேன்ல எப்படிச் சமாளிக்கிறதுன்னுதான் தெரியல” என்று பெற்றோர் கேட்பார்கள். அதைப் பற்றித்தான் இன்று நாலு வார்த்தை பேசப் போகிறேன்.

அந்தக் காலத்தில் நம் பெரியவர்கள் கப்பலில் போனார்கள். போர்க்காலம் நீங்கலாக, 1926 முதல் 1973 வரை ‘ரஜூலா’ கப்பல் சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இந்த நாட்டுக்கும் இடையே ஓடியது. பிறகு ‘சிதம்பரம்’ கப்பல் வந்தது. 1985-இல் அதில் தீப்பிடித்ததோடு கப்பல் பயணமே நின்றுபோனது. ஏறக்குறைய ஒரு வாரப் பயணம்! ஆனாலும் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஓட இடமிருந்தது. கூடி விளையாடக் கூட்டாளிகள் இருந்தார்கள்.

இன்று கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நான்கு மணி நேரந்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். லாபிஸிலிருந்து சிப்பாங் விமான நிலையம் போய்ச் சேர ஏறக்குறைய மூன்று மணி நேரம். அங்கே காத்திருப்பது மூன்று மணி நேரம். பறப்பது நான்கு மணி நேரம். ஆகப் பத்து மணி நேரம்! ஏழு வயதுப் பிள்ளை இடுப்பில் வாரைக் கட்டிக்கொண்டு சும்மா உட்காருமா? “அழுதா அந்த அக்கா அடிப்பாங்க” என்று விமானப் பணிப்பெண்ணைக் காட்டி மிரட்டுகிறோம். அல்லது கைத்தொலைபேசியைக் கையில் திணித்து விடுகிறோம். மிரட்டல் ஐந்து நிமிடம் தாங்கும். தொலைபேசி, பேட்டரி தீரும் வரை தாங்கும். அதற்குப் பிறகு?

எனக்குத் தெரிந்த சில வழிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, பிள்ளைக்கென்று ஒரு சிறு பை. அதில் பழைய நோட்டுப் புத்தகம், வண்ணப் பென்சில், ஒரு முழக் கயிறு, மடித்து விளையாடக் கொஞ்சம் காகிதம். கல்லாங்காய் ஆடக் கல் வேண்டாம். இருக்கைக்கு அடியில் உருண்டு போகும். மலாய்க்காரப் பிள்ளைகள் ‘பத்து சிரம்பான்’ ஆடுவதுபோல ஐந்து சிறு துணிப் பொட்டலங்கள் தைத்துக் கொடுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டாமல், மணிக்கு ஒன்றாக எடுங்கள்.

இரண்டாவது, விடுகதை. ‘இறக்கை உண்டு, முட்டை இடாது, வயிறு நிறைய ஆள் உண்டு, பசி தீராது. அது என்ன?’ என்று கேளுங்கள். ஆகாய விமானத்துக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு பிள்ளை பதில் தேடட்டும்!

மூன்றாவது, கடிகாரம். மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. ஏன்? பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுற்றுகிறது. நம் நேரம் 120 பாகைக் கிழக்குக் கோட்டையும், இந்திய நேரம் 82½ பாகைக் கோட்டையும் ஒட்டியது. வித்தியாசம் 37½ பாகை. அதை 15-ஆல் வகுத்தால் விடை வந்துவிடும். ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் இந்தக் கணக்கைப் போட்டு, அப்பாவின் கடிகாரத்தைத் தாங்களே திருப்பி வைக்கட்டும்.

நான்காவது, காது. விமானம் இறங்கும்போது வெளிக் காற்றின் அழுத்தம் கூடுவதால் காது வலிக்கும். எச்சில் விழுங்கினால் உட்குழாய் திறந்து வலி குறையும். ஆகவே, இறங்கும் முன்பே பிள்ளையை எழுப்பி மடக்கு மடக்காகத் தண்ணீர் கொடுங்கள். கைக்குழந்தைக்குப் பால் கொடுங்கள்.

ஐந்தாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். போகிற ஊரில் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே நோட்டில் ஒரு மரம் வரையுங்கள். அப்பாவின் அண்ணன் பெரியப்பா, தம்பி சித்தப்பா, அக்காவும் தங்கையும் அத்தை. அம்மாவின் அண்ணனும் தம்பியும் மாமா. நம் பிள்ளைகள் எல்லாரையும் ‘அங்கிள், ஆன்ட்டி’ என்றே கூப்பிடப் பழகிவிட்டார்கள். பல ஆண்டுகளாக வழி பார்த்திருக்கும் கிழவியின் முன்னே பேரப்பிள்ளை வாய் திறவாமல் நின்றால் அந்த மனம் என்ன பாடுபடும்? ‘அப்பத்தா’ என்று ஒரு வார்த்தை கூப்பிட்டால் போதுமே, கொண்டுபோகும் சேலையைவிட அது பெரிதல்லவா?

விமானம் ஏற வசதியில்லையே என்று யாரும் வருந்த வேண்டாம். தைப்பூசத்துக்குப் பத்துமலை போகும் பேருந்திலும் இவையெல்லாம் செல்லும்.

பெற்றோர்களே, விடியுமுன் பால் வெட்டப் போகிறீர்கள். செம்பனைக் குலை சுமந்து களைத்து வருகிறீர்கள். வீட்டில் பிள்ளையோடு உட்கார நேரம் ஏது? அடுப்பும் இல்லாமல், வேலையும் இல்லாமல், பிள்ளை தோளோடு தோள் உரச உட்கார்ந்திருக்கும் நேரம் ஆண்டில் எத்தனை தடவை கிடைக்கும்? அந்தப் பத்து மணி நேரத்தைத் தொல்லை என்று எண்ணித் தள்ளாதீர்கள். பிள்ளையோடு பேசுங்கள், பிள்ளை பேசுவதைக் கேளுங்கள்.

மாணவச் செல்வங்களே, அம்மா கதை சொல்லும்போது நீங்களும் தொலைபேசியைக் கீழே வையுங்கள்.

இன்று பரிசு பெறும் எல்லாருக்கும் என் பாராட்டுகள். பயணம் போகிறவர்கள் நலமாகப் போய் வாருங்கள்.