கரையில் இருந்தவள்

(காரைக்கால் பகுதியின் கோட்டுச்சேரிமேட்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நினைவுச் சொற்பொழிவு என்றால் தலை நரைத்தவர்களைக் கூப்பிடுவதுதான் வழக்கம். ஒரேயொரு சிறுகதைத் தொகுப்பு போட்டவனைக் கூப்பிட்டு, “உனக்குப் பிடித்த கதைகளைப் பற்றிப் பேசு, அது போதும்” என்று சொன்ன அறக்கட்டளைக் குடும்பத்தாருக்கு நன்றி. பிடித்ததைப் பேசத் தொடங்கினால் பிடிக்காததும் கூடவே வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் பிச்சாடனர் வீதியுலா வரும்போது, மாடியிலிருந்து இறைக்கிற மாம்பழத்தைப் பிடிக்க ஒருமுறையாவது ஓடாதவர் இந்த அவையில் இருக்க மாட்டார். ஆகவே காரைக்கால் அம்மையார் கதையை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதைச் சொன்ன விதத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

அம்மையார் தம் பாடல்களில் மாம்பழத்தைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லை. அற்புதத் திருவந்தாதியைப் புரட்டிப் பாருங்கள், மூத்த திருப்பதிகங்களைப் பாருங்கள். கணவன் இல்லை, கடை இல்லை, கப்பல் இல்லை. தம்மைக் காரைக்கால் பேய் என்று சொல்லிக்கொள்கிறார், அவ்வளவுதான். அவர் காலம் ஆறாம் நூற்றாண்டு வாக்கில் என்பார்கள். மாங்கனி விரிவான கதையாக நம் கைக்கு வருவது 12ஆம் நூற்றாண்டில், சேக்கிழாரின் பெரியபுராணத்தில். இடையில் கிடக்கும் நூற்றாண்டுகளில் இந்தக் கதையை யாரெல்லாம் சொன்னார்கள், யாரெல்லாம் உம் கொட்டினார்கள் என்று நினைக்கும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கும்.

சேக்கிழாரிடம் எனக்கு மிகவும் பிடித்த இடம் பழம் கையில் வந்து விழும் அதிசயம் அல்ல. பசியோடு அடியார் வருகிறார். சோறு ஆகிவிட்டது, கறி இன்னும் ஆகவில்லை. அதனால்தான் புனிதவதி (அம்மையாரின் இயற்பெயர் இதுதான்) கணவன் அனுப்பிய இரண்டு மாம்பழத்தில் ஒன்றை எடுத்து இலையில் வைக்கிறாள். கறி வெந்திருந்தால் கதையே இல்லை! பிறகு கணவன் பரமதத்தன் சாப்பிட வருகிறான். முதல் பழம் ருசியாக இருக்க, இன்னொன்றையும் கேட்கிறான். அவள் இறைவனை வேண்ட, கையில் வந்து விழுந்த இரண்டாவது பழத்தின் ருசி வேறாக இருக்கிறது. ‘இது நான் அனுப்பியதில்லை’ என்று அவனுக்குச் சந்தேகம் தட்டுவது நாக்கில். ஒரு குடும்பம் உடைவதை அடுப்படியிலும் சோற்றிலையிலும் வைத்துச் சொல்லி முடித்துவிடுகிறார். எழுத வருகிறவர்கள் படிக்க வேண்டிய பகுதி இது. பக்தி இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

ஆனால் அதிசயத்துக்குப் பயந்து பரமதத்தன் கப்பல் ஏறியதும் கதையும் அவன்கூடவே கப்பல் ஏறிவிடுகிறது. பாண்டிநாட்டுக்குப் போகிறான், சம்பாதிக்கிறான், இன்னொரு பெண்ணை மணக்கிறான், பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயர் வைக்கிறான். நம் புனிதவதி இத்தனை காலமும் இங்கே என்ன செய்துகொண்டிருந்தாள்? இல்லறம் வழுவாமல் இருந்தாள் என்ற அளவில் கதை அவளைக் கடந்துவிடுகிறது. சேக்கிழாரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் எழுதியது அடியார் வரலாறு. நான் எழுத நினைக்கும் கதையோ அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

கப்பலோடு போகும் கதை நம் பகுதிக்குப் பழக்கப்பட்டதுதான். 1739இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. 1954 நவம்பர் 1இல் அவர்கள் கையை விட்டுப் போனது. பின்னாளில் இங்கிருந்து குமாஸ்தாவாக, போலீசாக, படையில் சொல்தாவாக சைகோனுக்குப் போனவர்கள் பலர். அப்படிப் போனவர்கள் வீட்டுத் திண்ணையில் சைகோன் மழையும் சந்தையும் சண்டையும் இன்றைக்கும் கதையாக ஓடும். வந்த பணத்தை வைத்து வீடு கட்டியவள், நிலத்தகராறு தீர்த்தவள், பிள்ளைக்குப் பெண் பார்த்தவள் யாரென்று கேட்டால், “அம்மாயிதான் எல்லாம் பார்த்துக்கிட்டாங்க” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

கடல் கதைகளுக்கும் இந்த வியாதி உண்டு. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல் வந்த நாவல். நான் அதிகம் திரும்பிப் படித்த புத்தகமும் அதுதான். மெடானும் பினாங்கும் யுத்தமும் வட்டிக்கடையும் சேர்ந்த அந்த இரைச்சலுக்கு ஈடு இல்லை. ஆனால் அது போனவர்களின் உலகம். தகழியின் ‘செம்மீன்’ சுந்தர ராமசாமியின் தமிழில் கிடைக்கிறது. பதினேழு வயதில் அதைப் படித்துக் கிறங்கியிருக்கிறேன். கரையிலிருக்கும் மனைவியின் ஒழுக்கம்தான் கடலுக்குப் போனவனுக்குக் காவல் என்ற நம்பிக்கை அந்தக் கதையின் முதுகெலும்பு. இப்போது படித்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. காற்று திரும்பினாலும் கடல் நீரோட்டம் மாறினாலும் பழி வீட்டிலிருக்கிறவள் தலையிலா? கதை அந்த நம்பிக்கையைக் கேள்வி கேட்பதுபோலப் போய், கடைசியில் கடலம்மாவின் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ இதற்கு மாற்று. மணப்பாட்டுக் கடற்கரையில் வல்லத்துக்கும் லாஞ்சுக்கும் நடக்கும் போட்டியைப் பிலோமி என்ற பெண்ணின் மனசுக்குப் பக்கத்தில் நின்று சொல்கிறார். மெலிந்த நாவல்தான். ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ அளவுக்கு அதில் கடல் இல்லை என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். இருந்தும் எனக்குப் பிலோமி போதும்.

ஜோ டி குரூஸின் நாவல் வந்த அதே 2004இல்தான் டிசம்பர் 26 சுனாமியும் வந்தது. எனக்கு அப்போது ஏழு வயது. பிறகு கேமராவோடு வந்தவர்கள் அலை எவ்வளவு உயரம் என்றுதான் கேட்டார்கள். நம் பெண்கள் அலையில் தொடங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, மீனுக்கு ஆள் கூடும் நாள் என்பதில் தொடங்கினார்கள். ஏலத்தில் என்ன விலைக்கு எடுத்தது, கூடையில் என்ன மீன் இருந்தது, யார் பாக்கி வைத்திருந்தார், எந்தப் பிள்ளை சாப்பிடாமல் வெளியே ஓடியது. அலை வர அரைமணி நேரம் ஆகும். கேமராக்காரர்களுக்குப் பொறுமை இல்லை, வெட்டிவிட்டார்கள். எனக்கு அந்த அரைமணி நேரம்தான் கதை. கறி வேகாததிலிருந்து தொடங்கிய சேக்கிழாருக்கும் இது புரிந்திருக்கும்.

சுனாமிக்குப் பிறகு எழுதப்பட்ட கதைகள் பலவற்றில் மீனவப் பெண் அழுதுகொண்டே வருகிறாள், அழுதுகொண்டே போகிறாள். கணக்குப் பார்ப்பதில்லை, பேரம் பேசுவதில்லை, சிரிப்பதில்லை. கூடை சுமந்து காரைக்கால் கடைத்தெருவில் விற்றுவிட்டு, வட்டிக்காரருக்கு எடுத்துவைத்து, மீதியில் வீடு நடத்துகிறவள் இந்தக் கதைகளுக்குள் நுழைவதேயில்லை. வட்டார வழக்கை நாலு இடத்தில் தூவிவிட்டால் ஊர் வந்துவிடும் என்ற நம்பிக்கையும் எனக்குக் கிடையாது. புதுச்சேரியில் வாழ்ந்து 2021இல் மறைந்த கி. ராஜநாராயணனைக் காட்டிச் சிலர் வாதாடுவார்கள். கி.ரா.விடம் வழக்குச் சொல் மட்டுமா இருக்கிறது? எந்த மண்ணில் எது விளையும், எந்த வீட்டில் யார் யாருக்குப் பயப்படுவார்கள் என்ற தகவல் இருக்கிறது. சொல் அதன் பின்னால் தானாக வருகிறது.

அதனால் புனிதவதியை நான் எழுதினால் தெய்வமாகவும் எழுத மாட்டேன், அழுகிறவளாகவும் எழுத மாட்டேன். பரமதத்தனை வில்லனாக்கவும் மனம் வராது. பயந்தவன் அவன். மகளுக்கு அந்தப் பெயரை வைத்தவனும் அவன்தான். கப்பல் போன மறுநாள் கடையை யார் திறந்தார்கள், வரவேண்டிய பாக்கியை வசூலிக்க யார் போனார்கள், “உன் புருஷன் எப்போது திரும்புவான்” என்று கேட்ட வியாபாரிகளுக்கு அவள் என்ன பதில் வைத்திருந்தாள், முதல் இரண்டு மாம்பழத்தைப் பரமதத்தனிடம் கொடுத்தவர்கள் அடுத்த பருவத்திலும் கொடுத்தார்களா, கொடுத்திருந்தால் அவற்றை யார் சாப்பிட்டார்கள் என்று விசாரித்துக்கொண்டு போவேன். மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதில் கிடைத்திருக்கிறது. மற்றவற்றுக்கு இங்கே இருக்கும் அம்மாக்களிடம்தான் கேட்க வேண்டும். கலந்துரையாடலுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். முன்வரிசையிலிருந்து தொடங்கலாம்.